சீனியைக் கேட்காமல் வாங்கிய படம்

சின்னவனே,

போனில் பேசினால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், இல்லாவிட்டால் நான் சொல்ல வருவதை நீயே சொல்லி அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. நம் வீட்டில் பேசுவது தெலுங்கு என்றாலும் அதை எழுத எனக்கும் வராது, படிக்க உனக்கும் வராது. ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, கோபமாக எழுதாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுதுகிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. மில்லில் வேலை பார்த்த காலத்திலேயே மேனேஜரிடம் பூசி மெழுகத் தெரியாதவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தோம். பச்சைப் புல்தரை, வெள்ளைக் கட்டில்கள், வரிசையாக நின்று சிரிக்கிற ஆட்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் இல்லம், உன் அண்ணன் சீனியைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம், அங்கே ஆட்களை விட்டவர்கள் எல்லோரும் நெட்டில் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாய். அண்ணனுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன், என் கல்யாண முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கடைசியில் ஒரு வரி. அதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனியைக் கேட்காமல் அவனை எங்கேயும் அனுப்ப மாட்டேன். இது உறுதி. ஏன் என்று விளக்குவதற்கு நான் சிடி வாங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பேச்சில் சிடி எங்கே வந்தது என்று சிரிக்காதே. எனக்குப் புத்தி வந்தது அந்த வழியாகத்தான்.

சீனிக்கு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஒரு படம் பார்த்தாக வேண்டும். இது உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் பெங்களூர் போய் இத்தனை வருஷம் ஆனதில் மறந்திருப்பாய். முப்பது வயதைத் தாண்டியவன், எழுத்துக் கூட்டத் தெரியாது, ஒரு வார்த்தை வாயில் வருவதற்குள் எதிரே இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் சிடிகளைப் பாயில் பரப்பிவிட்டால் அவன் ராஜா. ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிப் பார்ப்பான், முன்பக்கம், பின்பக்கம், ஓரம். வேண்டாதவற்றைத் தள்ளி வைப்பான். ஒன்றை எடுத்து வந்து என் கையில் கொடுப்பான். அதைத்தான் போட வேண்டும். என்ன சட்டை போடுவது, என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எல்லாமே அவனுக்கு நாம் தீர்மானிப்பதுதான். மத்தியானம் என்ன படம் என்பது ஒன்றுதான் அவன் தீர்மானிப்பது. இதை நானே ரொம்ப நாள் கவனிக்காமல்தான் இருந்தேன்.

போன தீபாவளிக்கு நீ பெரிய டிவி வாங்கி வந்தாய். சுவரில் மாட்டினாய், இன்டர்நெட் கொடுத்தாய், இனிமேல் சிடி எதற்கு நைனா, எல்லாப் படமும் இதிலேயே இருக்கிறதே என்று சொல்லி அவன் சிடிகளை அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றினாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய். முதல் நாள் அவனுக்கு வாயெல்லாம் பல். நீ ஊருக்குக் கிளம்பிய பிறகு நடந்ததைக் கேள். அந்த டிவியில் இன்றைக்கு ஒரு படத்துக்கு ஒரு போட்டோ போட்டிருப்பார்கள், அடுத்த வாரம் அதே படத்துக்கு வேறு போட்டோ. சீனி பெயரைப் படித்தா தேடுகிறான்? முகத்தைப் பார்த்துத் தேடுகிறவன். அதோடு போகவில்லை. அவனுக்கு உயிரான அந்த பஸ் டிரைவர் படம் ஒருநாள் டிவியில் காணவே காணோம். உன்னிடம் போனில் கேட்டபோது, கம்பெனிக்காரன் எடுத்துவிட்டான், அவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள் என்றாய். இதை சீனிக்கு எப்படிச் சொல்வது? யாரோ வீட்டுக்குள் புகுந்து தன் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக அவன் நினைத்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தான், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டான். கடைசியில் நான் ஏணி போட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். இறக்கும்போது கை தவறிப் பெட்டி விழுந்தது. மற்றதெல்லாம் தப்பித்தது. பஸ் படத்தில் மட்டும் கீறல் விழுந்துவிட்டது.

உடனே நீ ஆன்லைனில் ஆர்டர் போட்டாய். அதில் உன்னைக் குறை சொல்ல முடியாது. கேட்ட வேகத்தில் வந்தது, பளபளவென்று காகிதம் சுற்றி வந்தது, அட்டையில் அதே பஸ், அதே நாயகன். சீனி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தான். போட்டால் நாயகன் தெலுங்கில் பேசுகிறான். நீதான் தெலுங்கு என்று பார்த்து அழுத்தியிருக்கிறாய். வீட்டுப் பேச்சுதானே, அண்ணனுக்கு இன்னும் நன்றாகப் புரியுமே என்று நினைத்ததாக அப்புறம் சொன்னாய். இந்தத் தப்பை நம் சனத்தைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். நமக்குத் தெலுங்கு என்பது அடுப்படியிலும் படுக்கையிலும் பேசுவது. வாசலைத் தாண்டினால் தமிழ். சினிமாக்காரன் வாசலுக்கு வெளியே இருப்பவன். அவன் தமிழில் பேசினால்தான் அவன் சினிமாக்காரன். சீனி கொஞ்ச நேரம் திகைத்துப்போய்ப் பார்த்தான். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நைனா, இவன் ஏன் நம்மள மாதிரிப் பேசுறான்? நம்ம வீட்டுல எங்க இருந்து கேட்டான்?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. தான் தேடித் திரிந்தபோது வீட்டுக்குள் ஒளிந்திருந்தவன் இவன்தான் என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு இரவு அவன் சாப்பிடவில்லை. நீ திருப்பி அனுப்பச் சொன்னாய். திருப்பி வாங்க வந்த ஆளிடம் அட்டையைக் கொடுக்க சீனி சம்மதிக்கவில்லை. அட்டை அவனுடைய பஸ் படத்து அட்டைதானே, உள்ளே இருப்பவன்தான் வேறு ஆள். வந்தவர் அட்டை இல்லாமல் வாங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை நினைத்து உன் அம்மா இன்றைக்கும் சிரிக்கிறாள்.

பிறகு நான் ஒரு முடிவோடு அவனைக் கூட்டிக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் இருக்கிற கடைக்குப் போனேன். முன்னே வெறும் சிடிக் கடையாக இருந்தது, இப்போது முன்னால் முழுக்க செல்போன் கவரும் சார்ஜரும். சிடி எல்லாம் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளில் தூசி தின்றுகொண்டு கிடக்கிறது. கடைக்காரர் ஒன்றும் முகம் மலர்ந்து வரவேற்கவில்லை. இதையெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள், வேண்டுமானால் நீங்களே தேடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. எந்த சிடியானாலும் கடை டிவியில் போட்டு, தொடக்கம் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பார். போட்டுப் பார்க்காமல் கொடுத்து, பின்னால் ஆட்கள் வந்து சண்டை பிடித்ததில் கற்றுக்கொண்டதாம்.

சீனி பெட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொன்றாக எடுக்கிறான், துடைக்கிறான், பார்க்கிறான். வெயில் ஏறிக்கொண்டே போகிறது, எனக்குப் பொறுக்கவில்லை. நானும் ஒரு பெட்டியைக் கிளறினேன். கிடைத்துவிட்டது, பஸ் படம், தமிழ்! மலையைப் புரட்டிய பெருமையோடு அவனிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தான், பெட்டியில் திரும்பப் போட்டான். அவன் கையில் வேறு ஒரு படம் இருந்தது, அட்டையில் யானையும் ஒரு கிழவியும். நான் விடவில்லை. ஏலே, இதற்காகத்தானே இத்தனை பாடு, இதைத்தானே தேடி அழுதாய் என்று பஸ் படத்தை மறுபடி அவன் மடியில் வைத்தேன். மறுபடி எடுத்துப் பெட்டியில் போட்டான். நான் மறுபடி எடுத்தேன். கடைக்காரர் சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, படம் பாக்கப் போறது நீங்களா, அவுகளா?"

கேலியாகத்தான் கேட்டார். எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தெலுங்குக்காரன் வந்ததிலிருந்து சீனிக்கு பஸ் படத்தின் மேல் இருந்த ஆசை விட்டுப்போயிருக்கிறது. அதை அவன் வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுக்கு எது உயிர் என்று எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பில் அவனை இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். யானைப் படத்தை வாங்கிக்கொண்டு வந்தோம்.

கடை என்றால் உசத்தி என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதே. அந்த யானைப் படம் கடையில் நன்றாக ஓடியது, வீட்டுக்கு வந்து இடைவேளைக்குப் பிறகு நின்றுவிட்டது. அவர் ஓட்டிக் காட்டிய மூன்று இடத்திலும் இல்லாத கோளாறு வேறோர் இடத்தில் இருந்திருக்கிறது. திரும்பக் கொண்டுபோனேன். அவர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார், ஆனால் வேறு பிரதி அவரிடம் இல்லை. நெட்டில் தேடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் நான் என் போனை எடுத்துக்கொண்டு சீனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆன்லைனில் வாங்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு போட்டோவாகப் பெரிதாக்கி அவனிடம் காட்டினேன். இதுவா, இதுவா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். யானையும் கிழவியும் வந்தபோது விரலால் தொட்டான். தமிழ்தானா என்று பார்த்து நான் அழுத்தினேன். வந்தது, ஓடியது, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, கடையிலும் ஏமாறலாம், ஆன்லைனிலும் நல்லது கிடைக்கும். எங்கே வாங்கினாலும், வைத்துக்கொள்ளப் போகிறவனைக் கேட்காமல் வாங்கினால் அது அவன் தலையில் கட்டுவதுதான்.

இப்போது உன் இல்லத்துக்கு வருகிறேன். நீ கெட்டவன் இல்லை, அது எனக்குத் தெரியும். எங்கள் காலத்துக்குப் பிறகு அண்ணனை யார் பார்ப்பது என்ற கவலை உனக்கு இருக்கிறது. எனக்குச் சர்க்கரை, உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவனைக் குளிப்பாட்டித் துவட்டிவிட எங்களுக்கு முன்போல் தெம்பு இல்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தை நீ கண்ணால் பார்த்தாயா? சாப்பாடு எப்படி, ராத்திரி அவன் விழித்துக்கொண்டால் யார் எழுந்து வருவார்கள், அவன் பேசும் தெலுங்கு அங்கே ஒருவருக்காவது புரியுமா என்று கேட்டாயா? அவன் பசி, வயிற்று வலி எல்லாம் தெலுங்கில்தானடா சொல்லுவான். போட்டோவையும் நாலு பேர் எழுதியதையும் பார்த்து, உன் கூடப் பிறந்தவனுக்கு ஆர்டர் போட்டிருக்கிறாய். பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது சிடிக்குச் சரி. ஒரு மாதம் அங்கே அழுதுவிட்டு வருகிறவனை நாம் எப்படித் திருப்பி எடுப்பது?

நீ அனுப்பிய போட்டோவை அவனிடமும் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தான். "தம்பி வீடா?" என்று கேட்டான். உன் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவன் எழுந்து போய் மஞ்சள் பையை எடுத்து சிடிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டான். உன் வீட்டுக்குப் போகிறோம் என்று சந்தோஷம். இல்லையப்பா, இது தம்பி வீடு இல்லை, வேறு இடம், தம்பி அங்கே இருக்கமாட்டான் என்று நான்தான் சொன்னேன். பையிலிருந்து சிடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் திரும்பவும் பாயில் வைத்தான். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாடு எனக்குத்தான் தெரியும். மனது தாங்கவில்லை, சின்னவனே.

அடுத்தது அந்த முகூர்த்தத்துக்கு முன்னால் என்ற வரி. ஏன் முன்னால்? கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து என்று ஏன் உனக்கு எழுதத் தோன்றவில்லை? மேடையில் அவன் எச்சில் வடிய நிற்பான், வீடியோக்காரன் படம் பிடிப்பான், உன் ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள், பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று உனக்குள் ஒரு கூச்சம். நீ சொல்லாததை நான் சொல்லிவிட்டேன். தப்பாகச் சொல்லியிருந்தால் என்னை நேரில் வந்து திட்டு.

பெண் வீட்டார் பேரைச் சொல்லித் தப்பிக்க உனக்கு வழி வைக்கக்கூடாது என்று, நேற்று சீனியைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் பஸ் ஏறி அவர்கள் ஊரான பாலவனத்தத்தில் இறங்கினேன். நீ எழுதியதை அவர்களிடம் காட்டவில்லை, பயப்படாதே. உன் மானம் எனக்கும் மானம்தான். எங்கள் பெரியவன் கல்யாணத்தில் மேடையில் நின்றால் உங்களுக்குச் சங்கடமா என்று மட்டும் சம்பந்தியிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மாப்பிள்ளைக்கு அண்ணன் இவுக ஒருத்தர்தானே, இவுக நிற்காமல் வேறு யார் நிற்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குத்தான் கேட்டது வெட்கமாகப் போய்விட்டது.

நீ கட்டிக்கொள்ளப் போகிற கவிதா அப்போதுதான் விருதுநகரில் வேலை முடிந்து வந்திருந்தது. கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் சீனிக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகிறோம், உங்களுக்கு என்ன கலர் சட்டை வேண்டும் என்று அவனிடமே கேட்டது. அவன் தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விரல்களைப் பிசைந்தான். சம்பந்தி பாவம், உதவி செய்கிற நினைப்பில் வெள்ளையே எடுத்துவிடலாம் என்று வாய் திறந்தார்.

"அப்பா, சும்மா இருங்க. அவுக சொல்லட்டும்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்திருந்தது. வாசலில் ஒரு லோடு வண்டி நின்று, சரக்கு இறக்கி, திரும்பிப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தது. கடைசியில் சீனி பச்சை என்றான். என்ன பச்சை, இலைப் பச்சையா, கிளிப் பச்சையா என்று அது அடுத்த கேள்வி கேட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ நல்ல இடத்தில்தான் பெண் எடுக்கிறாய். அந்தப் பெண்ணுக்குத் தகுந்த மாதிரி நீ நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இப்போது என் கவலை.

ஆகவே நான் முடிவு செய்திருப்பதைக் கேள். சீனி கல்யாணத்துக்கு வருவான், கிளிப் பச்சைச் சட்டை போட்டு மேடையில் உன் பக்கத்தில் நிற்பான். இதில் பேச்சுக்கே இடமில்லை. இல்லத்துக்குச் சொல்லி வைத்ததை நீ இன்றைக்கே நிறுத்தி வை. இல்லமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து நானும் அவனும் அங்கே போய்ச் சில நாள் தங்கிப் பார்க்கிறோம், அவர்கள் தங்க விட்டால். தங்க விடமாட்டேன் என்றால் அந்த இடம் நமக்கு வேண்டாம். விருதுநகரில் பகலில் மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதாம், அதையும் பார்க்கப் போகிறேன். என் உடம்பில் பஸ் ஏறி இறங்கத் தெம்பு இருக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குப் பிறகு நீதான். அந்தப் பொறுப்பிலிருந்து உன்னை நான் விடுவிக்கவும் மாட்டேன், அதைத் தட்டில் வைத்து இன்னொருவரிடம் கொடுக்க விடவும் மாட்டேன். இது பாரம்தான். பாரம் இல்லை என்று இனிப்பாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நீ ஊருக்கு வர வேண்டும். வருகிற சனிக்கிழமை வா. நானும் உன் அம்மாவும் கோயிலுக்குப் போய்விடுகிறோம். நீ அவன் எதிரே தரையில் உட்கார். போனை வேறு அறையில் வைத்துவிடு. எங்களுக்கு வயதாகிவிட்டது என்பதையும் உனக்குக் கல்யாணம் என்பதையும் நம் வீட்டுப் பேச்சில் அவனிடம் சொல். நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய் அண்ணா என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. பதில் வர நேரம் ஆகும். பாதியில் நீயே ஒரு பதிலை எடுத்து அவன் வாயில் வைக்காதே. அவன் என்ன சொன்னாலும், எனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், அதை வைத்துக்கொண்டுதான் நாம் எல்லோரும் மேலே பேசப் போகிறோம்.

பாலவனத்தத்திலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். இறங்கியதும், தம்பி வருவானா என்று என்னைக் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை, சனிக்கிழமை வாரான் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் ஒரு பொய் சொன்னதில்லை. நீ பஸ் ஏறினால்தான் இதுவும் பொய் ஆகாமல் இருக்கும்.

இப்படிக்கு,
உன் நைனா